ஒரு வாக்கினால் வென்ற சனாதிபதி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சனாதிபதியைத் தெரிவு செய்பவர் யார்? பள்ளி மாணவர் ஒருவரிடம் வினவினால், "அந்நாட்டு மக்கள்" என்று தயங்காது விடை கூறுவார். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நவம்பர் மாதத்திற் கோடிக்கணக்கானோர் வரிசையில் நின்று வாக்களிப்பதைக் காணும் நாமும் அவ்வாறே எண்ணுகின்றோம். ஆயின், அந்நாட்டின் அரசியலமைப்பை எடுத்து வாசித்துப் பாருங்கள். மக்கள் நேரே சனாதிபதிக்கு வாக்களிப்பர் என்று அதில் ஓரிடத்திலேனும் கூறப்படவில்லை. சனாதிபதியைத் தெரிவு செய்வோர் 538 பேர் மட்டுமே. அவர்களுட் பெரும்பாலோரின் பெயர்களை அவர்களுடைய சொந்த மாநிலத்தவரே அறியார்.

இந்த 538 பேரையும் தேர்வாளர் என்று அழைப்போம். மக்கள் இடும் புள்ளடி, சனாதிபதிப் பதவிக்குப் போட்டியிடுபவரின் பெயருக்கு எதிரே இடப்படினும், உண்மையில் அவருக்கு ஆதரவான தேர்வாளர் குழுவுக்கே சேருகின்றது. தேர்வாளர் பின்னர் கூடித் தம் வாக்கை அளிக்கின்றனர். அந்த வாக்கே சட்டத்தின் கண்ணில் வாக்கு.

538 என்ற எண் எங்ஙனம் வந்தது? அமெரிக்க காங்கிரஸ் இரண்டு சபைகளைக் கொண்டது. ஒன்று, செனற் எனப்படும் மூதவை. மற்றையது பிரதிநிதிகள் சபை. (1947 முதல் 1971 வரை நம் நாட்டிலும் இதே பெயர்களில் இரு சபைகள் இருந்ததை மூத்த வாசகர்கள் நினைவு கூர்வர்.) மூதவைக்கு, மாநிலம் பெரிதாயினும் சிறிதாயினும், மாநிலத்துக்கு இருவர் வீதம் 100 பேர். பிரதிநிதிகள் சபைக்குக் குடித்தொகைக்கு ஏற்ப 435 பேர். இவ்விரண்டிலும் ஒரு மாநிலத்துக்கு எத்தனை ஆசனங்கள் உண்டோ அத்தனை தேர்வாளர் அம்மாநிலத்துக்கு உண்டு. தலைநகராகிய வாஷிங்டன் எந்த மாநிலத்தையும் சேராதது. அங்கு வாழ்வோருக்கு 1961 ஆம் ஆண்டிலே செய்யப்பட்ட திருத்தத்தின் மூலமே 3 தேர்வாளர் கிடைத்தனர். ஆக மொத்தம் 538. வெற்றிக்கு வேண்டியது 270.

மாநிலத்துக்கு இருவர் என்ற அந்தச் சம பங்கு, கணக்கைச் சாய்த்து விடுகின்றது. 2020 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி கலிபோர்னியாவில் 3 கோடியே 95 இலட்சம் மக்கள். தேர்வாளர் 54 பேர். வயோமிங் மாநிலத்தில் 5 இலட்சத்து 77 ஆயிரம் மக்கள். தேர்வாளர் 3 பேர். வகுத்துப் பார்த்தால், கலிபோர்னியாவில் ஏறக்குறைய 7 இலட்சத்து 30 ஆயிரம் பேருக்கு ஒரு தேர்வாளர். வயோமிங்கில் 1 இலட்சத்து 92 ஆயிரம் பேருக்கு ஒருவர்.

இதனினும் பெரிய சாய்வு வேறொன்று. மேயின், நெப்ராஸ்கா என்னும் இரு மாநிலங்கள் நீங்கலாக ஏனைய எல்லாவற்றிலும், முதலாவதாக வந்தவருக்கே தேர்வாளர் அனைவரும் சேருவர். பத்துத் தேர்வாளர் உள்ள மாநிலம் ஒன்றில் நூறு பேர் வாக்களித்தனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 51, மற்றவருக்கு 49. தேர்வாளர் ஐந்தைந்தாகப் பிரிக்கப்படுவர் என்று எண்ணுவீர்கள். அன்று, பத்துப் பேரும் 51 வாக்குப் பெற்றவருக்கே. ஆகையால் ஒரு மாநிலத்தில் இலட்சக்கணக்கான வாக்குகளால் வென்றாலும், ஒரேயொரு வாக்கால் வென்றாலும் பயன் ஒன்றே. 2000 ஆம் ஆண்டில் அல் கோர் என்பார் நாடு முழுவதிலும் 5 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். புளோரிடா மாநிலத்தில் 537 வாக்குகளால் அவர் பின்தங்கியதே காரணம். 2016 ஆம் ஆண்டில் ஹிலாரி கிளிண்டன் அம்மையாருக்குக் கிடைத்த கூடுதல் வாக்குகள் 28 இலட்சத்துக்கும் மேல். சனாதிபதியானவர் டொனால்ட் டிரம்ப்.

விதிகளின் இயல்பு அதுவாயின் அதற்கு யார் என் செய்வது என்று கேட்கலாம். உண்மையே. ஆனால் அவ்விதிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல.

பிலடெல்பியாவில் நடந்த பேரம்

1787 ஆம் ஆண்டுக் கோடையிலே பிலடெல்பியா நகரில் அரசியலமைப்பை வகுக்கக் கூடியவர்கள், சனாதிபதியைத் தெரிவு செய்யும் முறையைப் பற்றிப் பன்முறை விவாதித்து, பன்முறை தீர்மானித்து, தீர்மானித்ததைப் பன்முறை மாற்றினர். காங்கிரஸ் தெரிவு செய்யலாம் என்றனர் சிலர். அங்ஙனமாயின் சனாதிபதி காங்கிரசின் ஏவலாளராகி விடுவார் என்றனர் வேறு சிலர். மக்களே நேரே தெரிவு செய்யட்டும் என்று வாதாடினார் ஜேம்ஸ் வில்சன். பரந்த நாட்டிலே தொலைவில் உள்ளவரின் தகுதியை மக்கள் எங்ஙனம் அறிவர் என்று அதற்கு மறுப்புக் கூறப்பட்டது.

இவை எல்லோரும் அறிந்த காரணங்கள். அத்தனை உரக்கப் பேசப்படாத காரணமும் ஒன்று இருந்தது. வேர்ஜீனியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் மாடிசன், மக்கள் நேரே தெரிவு செய்வதே சிறந்தது என்று ஒப்புக்கொண்டு, உடனே ஓர் இடர்ப்பாட்டையும் எடுத்துக் காட்டினார். வாக்குரிமை உடையோர் வட மாநிலங்களில் மிகுதி. தென் மாநிலங்களிற் குடிகளுட் பெரும் பங்கினர் அடிமைகள். அடிமைகளுக்கு வாக்கு இல்லை. ஆகவே நேர்முறைத் தேர்தலிலே தெற்கின் செல்வாக்குக் குன்றிவிடும் என்பது அவர் கூற்றின் சாரம்.

தேர்வாளர் முறை இந்த இடர்ப்பாட்டைத் தீர்த்து வைத்தது. எவ்வாறெனில், பிரதிநிதிகள் சபை ஆசனங்களைப் பங்கிடும்போது அடிமைகள் ஐவரை மூவராகக் கணக்கிடுவது என்று ஏலவே உடன்பாடு ஆகியிருந்தது. தேர்வாளர் தொகை ஆசனத் தொகையைப் பின்பற்றுவது. எனவே, வாக்களிக்க முடியாத அடிமையின் தலை, அவனை உடைமையாக வைத்திருந்தவனின் மாநிலத்துக்கு வாக்கைச் சேர்த்துக் கொடுத்தது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபின் கழிந்த முதல் முப்பத்தாறு ஆண்டுகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேர்ஜீனியாக்காரரே சனாதிபதியாக இருந்தனர். இதற்கு இந்த ஒன்றே காரணம் என்று கூறுவது மிகை. இதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்பது அதைவிடப் பெரிய மிகை.

தேர்வாளர் அனைவரும் ஓரிடத்திற் கூடுவதில்லை என்பதும் அன்று வகுக்கப்பட்டதே. அவரவர் தத்தம் மாநிலத்தில், ஒரே நாளில் கூடி, வாக்கை எழுதி, முத்திரையிட்டுத் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். ஒன்றாகக் கூடினாற் சூழ்ச்சியும் கையூட்டும் புகும் என்று அஞ்சினர். அறிவும் நடுநிலையும் வாய்ந்த பெரியோர் சிலர் அமைதியாக ஆராய்ந்து நாட்டுக்குத் தலைவரைத் தேடித் தருவர் என்பது அவர்கள் கண்ட கனவு. கட்சிகள் தோன்றியதும் அக்கனவு கலைந்தது. தேர்வாளர் ஆராய்பவராக அன்றிக் கட்சி சொல்லியதைச் சுமந்து செல்பவராகவே மாறினர். சட்டகம் மட்டும் அப்படியே நின்றது. அச்சட்டகம் எத்துணை வெடிப்புகளைக் கொண்டது என்பதை நாடு கண்டது 1876 ஆம் ஆண்டிலே.

1876 நவம்பர் 7

அவ்வாண்டு சனநாயகக் கட்சியின் சார்பில் நின்றவர் நியூயோர்க் ஆளுநர் சாமுவேல் டில்டன். குடியரசுக் கட்சியின் சார்பில் ஒஹாயோ ஆளுநர் ரூதர்போர்ட் ஹேய்ஸ். உள்நாட்டுப் போர் முடிந்து பதினோர் ஆண்டுகள் கழிந்திருந்தன. அடிமைத்தனம் ஒழிந்திருந்தது. கறுப்பின ஆண்களுக்கு 1870 ஆம் ஆண்டிலே வாக்குரிமை உறுதி செய்யப்பட்டிருந்தது. தெற்கில் அவர்கள் குடியரசுக் கட்சிக்கே பெரும்பாலும் வாக்களித்தனர். அக்கட்சியே லிங்கனின் கட்சி. பழைய எசமானர்களோ சனநாயகக் கட்சியிலே திரண்டு, இழந்த ஆட்சியை மீட்கத் துப்பாக்கியும் ஏந்தினர். தென் கரோலினாவின் ஹம்பேர்க் என்னும் ஊரிலே அவ்வாண்டு ஜூலை மாதத்திற் கறுப்பினக் காவற்படையினர் சிலர் பிடிக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். தேர்தற் பிரசாரம் அங்ஙனம் தொடங்கியது.

தேர்தல் இரவு, தோற்றுவிட்டோம் என்று எண்ணியபடியே ஹேய்ஸ் உறங்கச் சென்றார். எண்ணுவதற்குக் காரணம் இருந்தது. டில்டன் 42 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்று, ஏறத்தாழ இரண்டரை இலட்சத்தால் முந்தியிருந்தார். அளிக்கப்பட்ட வாக்குகளிற் பாதிக்கு மேல் அவருக்கே. தேர்வாளர் கணக்கிலோ மொத்தம் 369, வேண்டியது 185. டில்டனுக்கு ஐயமின்றிக் கிடைத்தவை 184. ஹேய்சுக்கு 165.

எஞ்சியவை இருபது. புளோரிடாவில் 4, லூயிசியானாவில் 8, தென் கரோலினாவில் 7, ஒரிகனில் 1. டில்டனுக்கு இந்த இருபதில் ஒன்று போதும். ஹேய்சுக்கோ இருபதும் வேண்டும்.

தென் மாநிலங்கள் மூன்றிலும் நடந்தவற்றை எண்ணுங்கால், எக்கட்சியையும் தூய்மையானது எனக் கூற இயலாது. சனநாயகக் கட்சியார் கறுப்பின வாக்காளரை அச்சுறுத்தி விரட்டினர்; தென் கரோலினாவிற் சில இடங்களில் வாக்காளர் தொகையைக் காட்டிலும் வாக்குகள் மிகுந்திருந்தன. குடியரசுக் கட்சியாரின் கையில் இருந்த வாக்குக் கணக்கெடுப்புச் சபைகளோ, வன்முறையையும் மோசடியையும் காரணம் காட்டிப் பல்லாயிரம் எதிர்க்கட்சி வாக்குகளைத் தள்ளிவிட்டன. ஒழுங்கான தேர்தல் நடந்திருந்தால் யார் வென்றிருப்பர் என்பது இன்றும் வரலாற்றாசிரியர் வாதிக்கும் பொருள். முடிவில் ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் இரு கட்சியாரும் தத்தம் சான்றிதழ்களைத் தனித்தனியே வாஷிங்டனுக்கு அனுப்பினர்.

ஒரிகன் மாநிலத்தின் ஒற்றை வாக்கின் கதை விசித்திரமானது. அங்கு ஹேய்சே வென்றார், அதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய தேர்வாளருள் ஒருவர் ஒரு சிற்றூரின் தபாலதிபர். மத்திய அரசின் உத்தியோகம் பார்ப்பவர் தேர்வாளராக இருத்தலாகாது என்பது அரசியலமைப்பின் விதி. சனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் இதைப் பிடித்துக்கொண்டு, தபாலதிபரை நீக்கித் தம் கட்சிக்காரர் ஒருவரைத் தேர்வாளராக அறிவித்தார். ஒரு தபாற் கந்தோர் உத்தியோகத்தில் ஒரு நாட்டின் தலைமைப் பதவி சிக்கிக்கொண்டது.

கொலராடோவின் கதையோ பலருக்குத் தெரியாது. அது 1876 ஆகஸ்ட் முதலாம் நாளிலேதான் மாநிலமாயிற்று. பொதுமக்கள் வாக்களிப்பை நடத்தக் காலம் போதாமையால், அதன் சட்டசபையே மூன்று தேர்வாளரையும் நியமித்தது. மூவரும் ஹேய்ஸ் பக்கம். அம்மாநிலத்துப் பொதுமக்கள் ஒருவரேனும் சனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கவில்லை. இதைப் பற்றி எவரும் பெரிதாக வழக்காடவுமில்லை. அரசியலமைப்பு அதற்கு இடங்கொடுக்கின்றது.

எண்ணுபவர் யார்?

சான்றிதழ்கள் வந்து சேர்ந்தன. இரண்டில் எது உண்மையானது என்று தீர்மானிப்பவர் யார்? இங்கேதான் இலக்கணம் கற்கும் மாணவர் உற்று நோக்க வேண்டிய செய்தி உண்டு. மூதவைத் தலைவர் சான்றிதழ்களைத் திறப்பார் என்று செய்வினையிற் கூறிய அரசியலமைப்பு, அதன்பின் வாக்குகள் எண்ணப்படும் என்று செயப்பாட்டு வினைக்கு மாறிவிடுகின்றது. எண்ணுபவர் யார் என்று கூறவில்லை. எழுவாய் இல்லாத அந்த ஒரு வினைச்சொல்லினால் நாடு மீண்டும் ஓர் உள்நாட்டுப் போரின் வாயிலுக்கு வந்து நின்றது. மூதவை குடியரசுக் கட்சியின் கையில்; பிரதிநிதிகள் சபை சனநாயகக் கட்சியின் கையில். மூதவைத் தலைவர் எண்ணினால் ஹேய்ஸ். சபைகள் இணங்காது பிரதிநிதிகள் சபைக்கு முடிவு சென்றால் டில்டன்.

1877 ஜனவரி மாத இறுதியில், பதினைந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்று சட்டத்தால் அமைக்கப்பட்டது. மூதவையில் ஐவர், பிரதிநிதிகள் சபையில் ஐவர், உயர் நீதிமன்ற நீதியரசர் ஐவர். கட்சி வாரியாகப் பார்த்தால் ஏழுக்கு ஏழு. பதினைந்தாமவர், எக்கட்சியையும் சாராதவர் என்று கருதப்பட்ட நீதியரசர் டேவிட் டேவிசாக இருப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். அந்த நேரம் பார்த்து இலினோய் மாநிலச் சட்டசபை அவரை மூதவை உறுப்பினராகத் தெரிவு செய்தது. சனநாயகக் கட்சியாரும் அத்தெரிவுக்குத் துணை நின்றனர் என்பதை என்னென்பது! டேவிஸ் ஆணைக்குழுவில் இருக்க மறுத்தார். அவருடைய இடத்துக்கு வந்த ஜோசப் பிராட்லி குடியரசுக் கட்சியைச் சார்ந்தவர்.

புளோரிடா: எட்டுக்கு ஏழு. லூயிசியானா: எட்டுக்கு ஏழு. இருபது வாக்குகளும் ஹேய்சுக்கே என முடிந்தது.

சனநாயகக் கட்சியார் பிரதிநிதிகள் சபையிலே இழுத்தடித்தனர். பதவியேற்கும் நாளாகிய மார்ச் 4 நெருங்கியது. இதனிடையே பெப்ரவரி 26 ஆம் நாள், வாஷிங்டனில் உள்ள வேர்ம்லி ஹோட்டலில், ஹேய்சின் நண்பர்களும் தென் மாநிலத் தலைவர்களும் சந்தித்தனர். அங்கும் அதற்கு முன்னும் பேசி முடித்தவை எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர் ஒத்த கருத்தினர் அல்லர். ஆனால் பேச்சின் சாரம் தெளிவானது: ஹேய்ஸ் பதவிக்கு வரட்டும், தெற்கின் ஆட்சியைத் தெற்கு வெள்ளையரிடம் விட்டு, மத்திய அரசின் படையினர் ஒதுங்கிக்கொள்ளட்டும். அந்த ஹோட்டலின் உரிமையாளர் ஜேம்ஸ் வேர்ம்லி ஒரு கறுப்பினத்தவர்.

மார்ச் 2 ஆம் நாள் விடியற்காலை நான்கு மணியளவில் எண்ணிக்கை முடிந்தது. ஹேய்ஸ் 185, டில்டன் 184. அந்த ஆண்டு மார்ச் 4 ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தமையாலும், நாட்டின் நிலை கலக்கமாக இருந்தமையாலும், மார்ச் 3 இரவு சனாதிபதி கிராண்ட் அளித்த விருந்தின்போது வெள்ளை மாளிகையின் சிவப்பு அறையிலே பிரதம நீதியரசர் முன்னிலையில் ஹேய்ஸ் மறைவாகச் சத்தியப் பிரமாணம் செய்துகொண்டார். திங்கட்கிழமை பகிரங்கமாகவும் செய்தார். டில்டன் படை திரட்டவில்லை, கலகத்தைத் தூண்டவுமில்லை. அவர் இறந்தபின் அவருடைய செல்வத்தின் ஒரு பகுதி நியூயோர்க் பொது நூலகம் எழுவதற்குப் பயன்பட்டது.

விலை கொடுத்தவர்கள்

1877 ஏப்ரல் 10 ஆம் நாள், தென் கரோலினாவின் தலைநகரிலே அரச மாளிகையைக் காத்து நின்ற மத்திய அரசின் படையினர் தம் முகாமுக்குத் திரும்பினர். ஏப்ரல் 24 இல் லூயிசியானாவிலும் அவ்வாறே. சில நாட்களுள் இரு மாநிலங்களின் ஆட்சியும் கைமாறிற்று. ஹேய்சுக்கு வாக்களித்ததற்காகத் துரத்தப்பட்ட மக்களையே, அவ்வாக்குகளாற் பதவி பெற்ற ஹேய்ஸ் கைவிட நேர்ந்தது. தென் மாநிலத்தார் அளித்த உறுதிமொழிகளை அவர் நம்பினார் என்பர். நம்பியிருக்கலாம்.

உறுதிமொழிகள் என்னவாயின என்பதற்கு லூயிசியானாவின் வாக்காளர் இடாப்பே சாட்சி. 1896 ஆம் ஆண்டிலே அங்கு பதிவு பெற்றிருந்த கறுப்பின வாக்காளர் 1,30,334 பேர். வாசிப்புச் சோதனை, சொத்துத் தகைமை, பாட்டனுக்கு வாக்கு இருந்திருந்தால் விலக்கு என்றெல்லாம் 1898 ஆம் ஆண்டில் விதிகள் செய்யப்பட்டன. 1904 ஆம் ஆண்டில் எஞ்சியோர் 1,342 பேர்.

இனிக் கணக்கை மீண்டும் பாருங்கள். அடிமைகள் ஐவரை மூவராகக் கணக்கிட்ட விதி, அடிமைத்தனத்தோடு ஒழிந்தது. ஆகவே குடிமதிப்பில் ஐவரும் ஐவராகவே எண்ணப்பட்டனர். தெற்கின் தேர்வாளர் தொகை முன்னையினும் கூடிற்று. ஆனால் அந்த ஐவரும் வாக்குச் சாவடியை அண்ட முடியாது. வாக்குரிமையை மறுக்கும் மாநிலத்தின் ஆசனங்களைக் குறைக்கலாம் என்று அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தத்தில் ஒரு பிரிவு உண்டு. அது ஒருமுறையேனும் நிறைவேற்றப்படவில்லை. போரில் தோற்ற மாநிலங்கள், போருக்கு முன் தமக்கு இருந்ததைக் காட்டிலும் கூடிய தொகையான தேர்வாளரைப் பெற்றன. 1965 ஆம் ஆண்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறும்வரை நிலைமை பெரும்பாலும் இதுவே.

எண்ணுபவர் யார் என்ற வினாவுக்கு விடை காண 1887 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது வாசிப்போர் தலை சுற்றும் சட்டம். 2021 ஜனவரி 6 ஆம் நாள், உப சனாதிபதி தேர்வாளர் வாக்குகளைத் தள்ளிவிட வேண்டும் என்ற கோரிக்கையோடு ஒரு கூட்டம் காங்கிரஸ் கட்டடத்தினுள் புகுந்தபோது, அந்த நூற்றாண்டுப் பழைய வெடிப்பு மீண்டும் கண்ணிற் பட்டது. உப சனாதிபதிக்கு அங்ஙனம் அதிகாரம் எதுவும் இல்லை என்று 2022 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இப்பொழுது தெளிவாகக் கூறுகின்றது.

தேர்வாளர் முறையையே நீக்கிவிட முயன்றவர்களும் உளர். எல்லாவற்றினும் வெற்றிக்கு அண்மையிற் சென்ற முயற்சி 1969 ஆம் ஆண்டினது. மக்கள் நேரே வாக்களித்துச் சனாதிபதியைத் தெரிவு செய்யலாம் என்ற திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை 338 க்கு 70 என்ற வாக்குகளால் ஏற்றது. 1970 செப்டெம்பரில் மூதவைக்கு வந்தபோது, பேசிப் பேசியே காலத்தைக் கடத்தும் உத்தியால் அது தடுக்கப்பட்டது. பேச்சை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்வோம் என்ற பிரேரணைக்கு 54 பேர் இசைந்தனர்; 36 பேர் மறுத்தனர்; வேண்டியதோ மூன்றில் இரண்டு பங்கு. சிறிய மாநிலங்களைச் சேர்ந்த உறுப்பினர் சிலரும் மறுத்தோருள் இருந்தனர். முன்னின்று நடத்தியவர்களோ மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட், வட கரோலினாவின் சாம் ஏர்வின், தென் கரோலினாவின் ஸ்ரொம் தேர்மண்ட் ஆகியோர்.